ஊசி போட்டாச்சு, வீட்டில் என்ன பேசுவது?

(காஞ்சிபுரத்தில் நெசவாளர் குடும்பங்களும் சுகாதாரத் தன்னார்வலர்களும் கலந்துகொண்ட ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)

தறியை நிறுத்திட்டு வந்திருக்கீங்க. ஒரு மணி நேரம் தறி நின்றால் என்ன நஷ்டம் என்று எனக்கும் ஓரளவு தெரியும். அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

முதலில் ஒன்று சொல்லிவிட வேண்டும். நான் டாக்டர் இல்லை, உளவியலாளரும் இல்லை. இதழியல் படித்துவிட்டு, செய்தித் துறையில் மக்களுக்கான சேவைகளைப் பற்றி எழுதுகிறவள். எந்தத் திட்டத்துக்கு எந்த ஆவணம், எந்த எண்ணுக்குப் போன் செய்வது, எந்தக் கவுன்ட்டரில் நிற்பது, இதுதான் என் வேலை. இந்தத் தலைப்புக்கு நான் வந்து சேர்ந்ததும் அப்படித்தான்.

14416 என்ற மனநல உதவி எண்ணைப் பற்றி ஒன்றரை நிமிட வீடியோ எடுக்கப் பிள்ளையார்பாளையம் வந்திருந்தோம். ஒரு வீட்டுத் திண்ணையில் அறுபது வயது அம்மா ஒருவர் தார் சுற்றிக்கொண்டிருந்தார். (அந்தக் குடும்பம் யாரென்று தெரியக்கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) அவருடைய மகன் நல்ல நெசவாளி. கோர்வைச் சேலை நெய்கிறவர். ஒரு கட்டத்தில், தறிச் சத்தத்துக்குள்ளேயே யாரோ தன்னைப் பற்றிப் பேசுவது கேட்கிறது என்று சொல்ல ஆரம்பித்திருக்கிறார். தறியை நிறுத்தினாலும் அந்தப் பேச்சு நிற்கவில்லை. பக்கத்துத் தறிக்காரர் தன் டிசைனைத் திருட ஆள் வைத்திருக்கிறார் என்று சண்டைக்குப் போயிருக்கிறார். முதலில் ஜோசியர், அப்புறம் சோளிங்கர், அப்புறம் ஏதோ மந்திரிப்பு. இரண்டு வருஷம் கழித்துத்தான் மருத்துவமனை. இப்போது மாதம் ஒரு ஊசி, தினமும் மாத்திரை. குரல்கள் குறைந்துவிட்டன. ஆனால் அவர் உள் அறையில் சுவரைப் பார்த்தபடியே உட்கார்ந்திருக்கிறார்.

அந்த அம்மா என்னிடம் கேட்டது இதுதான்: "ஊசி போட்டாச்சும்மா. மாத்திரையும் நேரத்துக்குக் குடுக்கறேன். வீட்டுக்கு வந்தா அவன்கிட்ட நான் என்ன பேசணும்? அதை யாரு சொல்லித் தருவாங்க?"

என்னிடம் பதில் இல்லை. வீடியோ வெளியாகி நிறைய பேர் பார்த்தார்கள். அந்தக் கேள்வி அதில் இல்லை. ஒன்றரை நிமிடத்தில் இடமும் இல்லை. அதற்குப் பிறகு நான் படித்ததும், போய்ப் பார்த்ததும், கேட்டதும்தான் இன்றைக்குச் சொல்லப் போவது.

மருத்துவர்கள் 'சைக்கோசிஸ்' என்று சொல்வதை நாம் தீவிர மனநோய் என்கிறோம். அதில் ஒரு வகைதான் மனச்சிதைவு. மற்றவர்களுக்குக் கேட்காத குரல் கேட்கும். யாரோ தொடர்கிறார்கள், விஷம் வைக்கிறார்கள் என்று அசைக்க முடியாத நம்பிக்கை வரும். யோசனை கோவையாக வராது. கூடவே வேறு ஒரு பக்கமும் உண்டு. ஆர்வம் போய்விடும், பேச்சு குறையும், குளிக்கத் தோன்றாது, யாரையும் பார்க்கப் பிடிக்காது. முதல் பக்கம் தெருவுக்கே தெரியும். இரண்டாவது பக்கத்தை வீட்டில் 'சோம்பேறித்தனம்' என்று சொல்லிவிடுவார்கள். இன்றைக்கு நீங்கள் வீட்டுக்கு ஒரே ஒரு விஷயத்தைக் கொண்டுபோவதாக இருந்தால் இதைக் கொண்டுபோங்கள்: அது சோம்பேறித்தனம் இல்லை, நோயின் பாதி அது.

மருந்து முதல் பக்கத்தில் நன்றாக வேலை செய்யும். 1950களில் இந்த மருந்துகள் வந்த பிறகுதான், ஆயுளுக்கும் ஆஸ்பத்திரிக்குள் கிடந்தவர்கள் வீடு திரும்ப முடிந்தது. மருந்து தேவையே இல்லை என்று யாராவது வாட்ஸப்பில் அனுப்பினால் நம்பாதீர்கள். ஆனால் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பவரை எழுப்பித் தறிக்குக் கொண்டுவருவதில் மருந்தின் பங்கு குறைவு. பேச்சு, பழக்கம், குடும்பம், வேலை, அக்கம்பக்கம் இவற்றை வைத்துச் செய்கிற சிகிச்சைதான் அங்கே உதவும். அதற்கு உளவியல்-சமூக சிகிச்சை என்று பெயர். பெயர் பெரிது. நடக்கும்போது பார்த்தால் இரண்டு பேர் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பது போலத்தான் இருக்கும். அப்படி உட்கார்ந்து பேசுவதற்குப் பயிற்சி வேண்டும் என்பதுதான் நான் புரிந்துகொண்ட முதல் விஷயம்.

பயிற்சி யாருக்கு? 2015-16இல் நிம்ஹான்ஸ் நிறுவனம் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் தேசிய மனநலக் கணக்கெடுப்பு நடத்தியது. தீவிர மனநோய் வாழ்நாளில் எப்போதாவது வந்தவர்கள் நூற்றுக்குச் சுமார் 1.4 பேர் என்றது அது. மனநலப் பிரச்சினை உள்ளவர்களில் சிகிச்சை கிடைக்காதவர்கள், நோயின் வகையைப் பொறுத்து, நூற்றுக்கு 70 முதல் 92 பேர். இத்தனை பேருக்கும் மனநல மருத்துவரே வீடு வீடாக வந்து உட்கார்ந்து பேச முடியாது. அத்தனை மருத்துவர்கள் நாட்டிலேயே இல்லை. அப்படியானால் வேறு யார் செய்வது?

இந்தக் கேள்விக்கான பரிசோதனையில் ஒரு பகுதி நடந்தது நம்ம ஊர்ப் பக்கம்தான். எனக்கே படித்தபோது ஆச்சரியம்.

கொஞ்சம் பின்னால் போகலாம். டாக்டர் சாரதா மேனன் என்று ஒருவர் இருந்தார். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று அவரைச் சொல்வார்கள். சென்னை கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனைக்குப் பல ஆண்டுகள் தலைமை தாங்கியவர். ஓய்வு பெற்ற பிறகு சும்மா இருக்கவில்லை. 1984இல் ஸ்கார்ஃப் என்ற மனச்சிதைவு ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். 1992இல் பத்மபூஷண். 2021இல் 98 வயதில் காலமானார். நோயாளி மருந்து சாப்பிட்டால் மட்டும் போதாது, வேலைக்கும் வீட்டுக்கும் திரும்ப வேண்டும் என்ற எண்ணம் இந்த மாநிலத்தில் வேரூன்றியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

அந்த ஸ்கார்ஃப், கோவாவின் சங்கத் என்ற அமைப்பு, இன்னும் சிலர் சேர்ந்து 2009, 2010 ஆண்டுகளில் 'காப்சி' என்ற ஆய்வை நடத்தினார்கள். மூன்று இடங்கள்: கோவா, மகாராஷ்டிரத்தின் சாத்தாரா, தமிழ்நாட்டில் காஞ்சிபுரம் மாவட்டத்தின் கிராமப்புறம். அப்போது செங்கல்பட்டு பிரியவில்லை, அது 2019இல்தான் தனி மாவட்டமானது. அதனால் அன்றைய காஞ்சிபுரம் மாவட்டம் என்றால் கடற்கரை வரைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மனச்சிதைவு உள்ள 282 பேரைக் குலுக்கல் போல இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். 95 பேருக்கு வழக்கமான மருத்துவமனை சிகிச்சை. 187 பேருக்கு அதே சிகிச்சையோடு, வீட்டுக்கே வந்து உதவும் ஒரு பணியாளர். இந்தப் பணியாளர்கள் யார் தெரியுமா? பட்டம் வாங்கிய உளவியலாளர்கள் இல்லை. பத்தாவது வரை படித்த, அந்தந்த ஊர்க்காரர்கள். மனிதர்களோடு பழகத் தெரியுமா என்று பார்த்து எடுத்துப் பயிற்சி கொடுத்தார்கள். மேலே ஒரு ஒருங்கிணைப்பாளர், அவருக்கு மேலே மனநல மருத்துவர். வீட்டுக்குப் போய் நோயைப் பற்றி விளக்குவது, மருந்து விட்டுப்போகாமல் பார்ப்பது, உடல்நலம், குளிப்பது, கடைக்குப் போவது, வேலைக்குத் திரும்புவது, அக்கம்பக்கத்தாரின் பேச்சைச் சமாளிப்பது, அரசு உதவிகளுக்கு வழிகாட்டுவது. இதெல்லாம் அவர்கள் வேலை.

முடிவு 2014இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்தது. ஒரு வருஷத்தின் முடிவில், வீட்டுக்கு ஆள் வந்த குழுவில் நோயின் அறிகுறிகளும் இயலாமையும் மற்ற குழுவைவிடக் கொஞ்சம் குறைந்திருந்தன. 'கொஞ்சம்'தான். அதை மறைக்க நான் விரும்பவில்லை. குடும்பத்தின் சுமை குறைந்ததாகவும், சமூகத்தின் ஒதுக்கல் குறைந்ததாகவும் காட்ட முடியவில்லை. செலவும் கூடுதல். அந்த ஒரு வருஷத்தில் இரண்டு குழுக்களிலுமாக இரண்டு பேர் தற்கொலையால் இறந்தார்கள். இந்த நோய் எவ்வளவு கடுமையானது என்பதற்கு அந்த எண் போதும்.

ஆனால் இடவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது, தமிழ்நாட்டின் கிராமப்புற மையத்தில்தான் முன்னேற்றம் நன்றாகத் தெரிந்தது. மருத்துவமனை தூரம், வேறு வசதி கிடையாது என்ற ஊர்களில், வீட்டுப் படியேறி வரும் ஒரு ஆளின் மதிப்பு அதிகம் என்று நான் புரிந்துகொள்கிறேன். இது என் கருத்து. ஆராய்ச்சியாளர்கள் இன்னும் ஜாக்கிரதையாகச் சொல்வார்கள்.

சரி, அந்தப் பயிற்சியில் என்னதான் சொல்லித் தருகிறார்கள்? இதைப் பார்க்க எனக்கு ரொம்ப ஆசை. மனநலப் பணியாளர்களுக்கான ஒரு பயிற்சி வகுப்பில் ஒருநாள் உட்கார அனுமதி கிடைத்தது. பின்வரிசையில் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். பயிற்சி கொடுத்த அக்கா விடவில்லை. "நீங்களும் வாங்க" என்று முன்னால் கூப்பிட்டுவிட்டார்.

முதல் பயிற்சி. என்னை ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். கையில் ஒரு விண்ணப்பப் படிவம். இரண்டு பக்கமும் இரண்டு பேர் நின்று என் காதுக்குள் மெதுவாகப் பேச ஆரம்பித்தார்கள். ஒருவர், "எழுதாதே, எல்லாரும் உன்னைத்தான் பாக்கறாங்க." இன்னொருவர், "நீ எதுக்கும் லாயக்கில்ல, எழுந்து போ." எதிரே ஒருவர் கவுன்ட்டர் ஊழியர் மாதிரி, "ஆதார் நம்பர் சொல்லுங்க, சீக்கிரம், பின்னாடி ஆள் நிக்கறாங்க" என்கிறார். படிவம் நிரப்புவது எப்படி என்று ஊருக்கே எழுதுகிறவள் நான். என் ஆதார் எண்ணில் கடைசி நான்கு இலக்கம் எனக்கு வரவில்லை. மூன்று நிமிடம்தான். காதில் பேசுவது சக பயிற்சியாளர்கள் என்று தெரியும், நாடகம் என்று தெரியும். அப்படியும் கண்ணில் தண்ணி வந்துவிட்டது.

அன்றைக்குத்தான் ஒன்று உறைத்தது. இ-சேவை மையத்தில் 'சொன்னதையே திரும்பத் திரும்பக் கேட்கறாரு' என்று நாம் எரிச்சல்படுகிற ஒருவருக்கு, நம் குரல் அவர் கேட்கிற மூன்றாவது குரலாக இருக்கலாம்.

இரண்டாவது பயிற்சி. இப்போது நான் பணியாளர், எதிரே இருப்பவர் நோயாளியாக நடிக்கிறார். "மேலே ஃபேனுக்குள்ள கேமரா வெச்சிருக்காங்க" என்றார். நான் ரொம்பக் கனிவாக, "அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லீங்க, பயப்படாதீங்க" என்றேன். எனக்கு அது நல்ல பதிலாகத்தான் பட்டது. அக்கா நிறுத்தினார்.

"நீங்க சொன்னதோட அர்த்தம் அவருக்கு என்ன தெரியுமா? 'உனக்குத் தெரியறது பொய்' என்பது. அவர் கண்ணுக்கு அது நிஜம். இனிமே உங்ககிட்ட அவர் எதையும் சொல்ல மாட்டாரு."

"அப்போ ஆமான்னு சொல்லணுமா?"

"அதுவும் கூடாது. ஆமான்னு சொன்னா நாளைக்கு ஃபேனைக் கழட்டுவாரு, நீங்கதான் சாட்சி."

பிறகு அவரே செய்து காட்டினார். "எனக்கு அது தெரியலை. ஆனா அப்படி ஒருத்தர் பாத்துக்கிட்டே இருக்கற மாதிரி தோணினா ராத்திரி தூக்கமே வராதே. நேத்து தூங்கினீங்களா?" அவ்வளவுதான். கேமராவைப் பற்றி வாதமே இல்லை. அந்தப் பயத்தை மட்டும் பிடித்துக்கொண்டு தூக்கத்துக்குப் போய்விட்டார். தூக்கம் என்பது பேசித் தீர்க்கக்கூடிய விஷயம். கேமரா அப்படி இல்லை. கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் எட்டுத் தடவை செய்து பார்த்தும் நான் பாதி நேரம் வாதத்துக்கே போனேன். அதனால்தான் பயிற்சி என்பது ஒரு நாள் சொற்பொழிவாக இருக்க முடியாது. செய்து பார்க்க வேண்டும், தப்பு செய்ய வேண்டும், களத்துக்குப் போன பிறகும் வாராவாரம் யாராவது உட்கார்ந்து "இந்த வீட்டில் என்ன நடந்தது?" என்று கேட்க வேண்டும். அந்த மேற்பார்வை இல்லாமல் சான்றிதழ் மட்டும் கொடுத்தால் பயனில்லை என்று அந்த அக்கா கறாராகச் சொன்னார்.

குடும்பத்தோடு பேசுவது தனிக் கலை. லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்ற சமூகவியலாளர் 1950களில் ஒன்றைக் கவனித்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியவர்களில், ஓயாத குறை கூறல், கோபம், அல்லது மூச்சுமுட்டும் அளவுக்கு அக்கறை இருந்த வீடுகளில் நோய் மறுபடி வருவது அதிகமாக இருந்தது. கடைசியாகச் சொன்னதைக் கவனியுங்கள். அதிக அக்கறையும்தான். பின்னால் சண்டிகரில் இதே ஆராய்ச்சியைச் செய்தபோது, நம் நாட்டுக் குடும்பங்களில் இந்தக் கடுமை லண்டனைவிடக் குறைவு என்று தெரிந்தது. சென்னையையும் கனடாவின் மாண்ட்ரியலையும் ஒப்பிட்ட சமீபத்திய ஆய்விலும் இங்கே குடும்பங்கள் சிகிச்சையோடு அதிகம் ஒட்டியிருப்பது தெரிந்தது. அதாவது நம்மிடம் ஒரு பலம் இருக்கிறது. ஆனால் அந்தக் குடும்பத்துக்கு யாரும் எதையும் சொல்லித் தராமல், 'பார்த்துக்கோங்க' என்று மட்டும் சொல்லி அனுப்பினால், அந்தப் பலமே களைத்துப்போகும். இந்த ஆராய்ச்சிக்கு 'வீட்டாரால்தான் நோய் வந்தது' என்று அர்த்தம் இல்லை. அப்படி ஒரு அம்மாவிடம் சொன்னால் அது அநியாயம்.

பயிற்சி பெற்றவர் குடும்பத்துக்குச் சொல்வது சின்னச் சின்ன விஷயங்கள். ஒரு நேரத்தில் ஒருவர் பேசுங்கள். "ஏன்டா இப்படி இருக்கே?" என்பதற்குப் பதில், "இந்தத் தார்க்குச்சியைக் கொஞ்சம் எடுத்துக் குடுப்பா" என்று செய்யக்கூடிய ஒன்றைச் சொல்லுங்கள். செய்தால் அப்போதே ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லுங்கள். செய்யாவிட்டால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். மறுபடி நோய் வரும் முன் இவருக்கு மட்டும் உள்ள அறிகுறி எது என்று வீட்டோடு சேர்ந்து ஒரு சீட்டில் எழுதி வையுங்கள். ஒருவருக்கு இரண்டு ராத்திரி தூக்கம் போகும். இன்னொருவர் பீடியை அதிகமாக்குவார். இன்னொருவர் போனை அணைத்து வைப்பார். அந்தச் சீட்டை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டினால் போதும். தெருவுக்குக் காட்ட வேண்டியதில்லை.

இந்த ஊரில் இதற்கு இன்னொரு வசதி இருக்கிறது. அதை நான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வேலை என்பது சிகிச்சையின் பாகம். ஆனால் நகரத்தில் ஒருவருக்கு வேலை என்றால் எட்டு மணி நேர ஷிப்ட், இல்லையென்றால் வேலையே இல்லை. தறி வீட்டில் அப்படி இல்லை. கோர்வைச் சேலைக்கு மூன்று நாடா, இரண்டு ஆள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதற்கும் முன்னால் தார் சுற்றுவது இருக்கிறது, பாவு போடுவது இருக்கிறது, அறுந்த இழையை முடிவது இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு அளவு கவனம் வேண்டும். இருபது நிமிடம் உட்கார முடிகிறவருக்கும் ஒரு வேலை உண்டு, இரண்டு மணி நேரம் முடிகிறவருக்கும் ஒன்று உண்டு. மறுவாழ்வு மையங்கள் கஷ்டப்பட்டு உருவாக்குகிற படிகள் உங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கின்றன. படிப்படியாக ஏற்றுவது எப்படி என்று சொல்ல ஒரு ஆள்தான் வேண்டும்.

இதிலேயே ஒரு சிக்கலும் உண்டு. இந்த மருந்துகளில் சிலவற்றுக்கு கை நடுக்கம், உடல் விறைப்பு, தூக்கக் கலக்கம் ஆகிய பக்கவிளைவுகள் வரலாம். கடைக்காரருக்குக் கை லேசாக நடுங்கினால் சமாளித்துவிடுவார். பட்டு இழையைப் பிடிக்கிறவருக்கு அது தொழிலே போன மாதிரி. அவர் வீட்டில் சொல்லாமல் மாத்திரையை நிறுத்துவார். டாக்டரின் சீட்டில் 'மருந்து ஒழுங்காக எடுப்பதில்லை' என்று மட்டும் இருக்கும். பயிற்சி பெற்ற பணியாளர், "ஏன் மாத்திரை சாப்பிடலை?" என்று கேட்க மாட்டார். "தறியில உட்காரும்போது கை எப்படி இருக்கு?" என்று கேட்பார். பதில் வந்ததும் மருத்துவரிடம் சொல்வார். அளவைக் குறைக்கலாம், மருந்தை மாற்றலாம், நடுக்கத்துக்கு வேறு மாத்திரை தரலாம். நீங்களாக நிறுத்தாதீர்கள், குறைக்காதீர்கள். ஆனால் கை நடுங்குகிறது என்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள்.

கோயிலைப் பற்றிப் பேசாமல் காஞ்சிபுரத்தில் இந்தப் பேச்சை முடிக்க முடியாது. 'கோயிலுக்குப் போகாதீங்க, மூடநம்பிக்கை' என்று சொல்ல நான் வரவில்லை. தமிழ்நாட்டில் முத்துசாமி என்பவரின் ஆலயம் ஒன்றில் தங்கியிருந்த, தீவிர மனநோய் உள்ள 31 பேரை நிம்ஹான்ஸ் ஆராய்ச்சியாளர்கள் கவனித்தார்கள். அது 2002இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்தது. அங்கே மருந்து தரவில்லை, சடங்கும் பெரிதாக இல்லை. கூட ஒரு உறவினர், சின்னச் சின்ன வேலை, அமைதியான இடம், யாரும் விரட்டாத சூழல். அறிகுறிகளின் மதிப்பெண் ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்திருந்தது. ஆதரவான இடம் என்பதே ஒரு சிகிச்சை என்பதற்கு இது சாட்சி.

மறுபக்கம் ஏர்வாடி. 2001 ஆகஸ்ட் 6, விடிகாலை. ஒரு தனியார் காப்பகத்தின் ஓலைக் கொட்டகையில் தீ. சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். நான் அப்போது கைக்குழந்தை. அந்தச் செய்தியைக் கல்லூரியில்தான் முதன்முதலாகப் படித்தேன். இன்றைய மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, யாரையும் எந்த வடிவத்திலும் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்கிறது. ஆகவே நேர்ந்துகொள்ளுங்கள், போய் வாருங்கள், விளக்கு போடுங்கள். மருந்தும் கூடவே போகட்டும். கட்டிப் போடுகிற, அடிக்கிற, மருந்தை நிறுத்தச் சொல்கிற இடமாக இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

இனி என் சொந்த வேலைக்கு வருகிறேன். போனை எடுங்கள்.

14416 என்று சேமியுங்கள். டெலி மானஸ். 2022 அக்டோபர் 10 அன்று நாடு முழுக்கத் தொடங்கியது. தமிழ்நாட்டில் 'நட்புடன் உங்களோடு' மனநல சேவை என்று பெயர். இருபத்துநாலு மணி நேரமும், கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். நோயாளிதான் பேச வேண்டும் என்று இல்லை. "என் பையன்கிட்ட என்ன பேசறதுன்னு தெரியலை" என்று அம்மாவும் பேசலாம். உடனடி ஆபத்து என்றால், தன்னையோ மற்றவரையோ காயப்படுத்தும் நிலை என்றால், 108.

அடுத்தது மாவட்ட மனநலத் திட்டம். கர்நாடகத்தின் பெல்லாரியில் 1980களில் சோதித்துப் பார்த்து, 1996இல் தேசிய அளவில் கொண்டுவந்த திட்டம் இது. மனநல மருத்துவரோடு உளவியலாளர், மனநல சமூகப் பணியாளர், செவிலியர் என்று ஒரு குழுவாக இயங்க வேண்டும் என்பது இதன் அமைப்பு. அரசு மருத்துவமனைக்குப் போகும்போது மருத்துவரைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பாதீர்கள். "சமூகப் பணியாளரையோ உளவியலாளரையோ பார்க்கணும், வீட்டில் எப்படி நடந்துக்கணும்னு கேட்கணும்" என்று வாய்விட்டுக் கேளுங்கள். நிறைய பேருக்கு அப்படி ஒருவரைப் பார்க்கலாம் என்பதே தெரியாது.

மூன்றாவது, மாற்றுத் திறனாளி அடையாள அட்டை. 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி மனநோயும் இதில் வரும். ஸ்வாவ்லம்பன் கார்டு இணையதளத்தில் போனிலேயே விண்ணப்பிக்கலாம், இ-சேவை மையத்திலும் உதவி கேட்கலாம். மதிப்பீட்டுக்கு 'ஐடியாஸ்' என்ற அளவுகோல். தன்னைக் கவனித்துக்கொள்வது, மற்றவரோடு பழகுவது, பேசிப் புரிந்துகொள்வது, வேலை செய்வது ஆகிய நான்கையும், எத்தனை ஆண்டாக நோய் என்பதையும் சேர்த்துப் பார்ப்பார்கள். 40 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால்தான் பெரும்பாலான சலுகைகள். பழைய மருந்துச் சீட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள், அங்கே அவைதான் பேசும். மதிப்பீடு நாளன்று பையனுக்குப் புதுச்சட்டை போட்டு, "நல்லா இருக்கேன்னு சொல்லுடா" என்று சொல்லி அழைத்துப் போகிறவர்களும் உண்டு. ஆசை புரிகிறது. ஆனால் கஷ்டமான நாட்களில் எப்படி இருக்கிறார் என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

பயிற்சியைப் பற்றி ஒரு தகவல், இங்கே இருக்கிற செவிலியர்களுக்கும் சமூகப் பணி படிக்கிற பிள்ளைகளுக்கும். 2018 முதல் நிம்ஹான்ஸ் டிஜிட்டல் அகாடமி என்று இணையவழிப் பயிற்சி நடக்கிறது. மருத்துவர், செவிலியர், உளவியலாளர், சமூகப் பணியாளர் எல்லோருக்கும். வேலையை விட்டுவிட்டுப் பெங்களூர் போக வேண்டியதில்லை. சென்னையில் ஸ்கார்ஃபும், தி பேன்யன் நடத்துகிற கல்வி நிறுவனமும் இந்தத் துறையில் பயிற்சி தருகின்றன. பேன்யனின் கோவளம் மையம் ஒரு காலத்தில் நம் மாவட்டத்துக்குள் இருந்ததுதான்.

'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரையோடு வீட்டு வாசலுக்கு வருகிற அக்காமார்கள் சிலர் இங்கேயே உட்கார்ந்திருக்கிறீர்கள். நீங்கள் ஏற்கெனவே அந்த வீடுகளின் படியேறுகிறவர்கள். உள் அறையில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பது தெருவில் வேறு யாரையும்விட உங்களுக்குத்தான் தெரியும். உங்களுக்கு வேலைப்பளு எவ்வளவு என்று தெரிந்தேதான் சொல்கிறேன். இந்தப் பயிற்சியில் ஒரு பங்காவது உங்களுக்கும் வர வேண்டும், அதற்கான நேரமும் ஊதியமும் சேர்ந்து வர வேண்டும் என்று நான் நினைக்கிறேன். இது துறையின் அறிவிப்பு இல்லை, என் விருப்பம்.

அந்தத் திண்ணை அம்மாவிடம் போன வாரம் போனில் பேசினேன். சமூகப் பணியாளர் ஒருவர் இரண்டு தடவை வந்து போயிருக்கிறாராம். மகன் தறியில் உட்காரவில்லை. திண்ணையில் வந்து உட்கார்கிறாராம், சாயங்காலத்தில், கொஞ்ச நேரம். "நேத்து நாலு தார் சுத்தினான். ஏன் நாலோட நிறுத்திட்டேன்னு கேக்க வாய் வந்துச்சு, கேக்கலம்மா" என்றார்.

என் நேரம் முடிந்தது. கேள்வி கேட்கலாம். பின்வரிசையில் ஒரு அண்ணன் ரொம்ப நேரமாகக் கை தூக்கிக்கொண்டிருக்கிறார், அவரிடம் மைக்கைக் கொடுங்கள்.